பழுது தெரிந்த போர்டையே கொடுங்கள்

கோலாலம்பூர், ஜாலான் பாசார். மின்னணு உதிரிப்பாகக் கடை ஒன்றின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளங்கை அளவுக் கணினிப் போர்டு ஒன்றின் பெயரைச் சொல்லி, "எந்த ரிவிஷன் வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி சிரித்தே விட்டான்.

"அது பழுதுன்னு பேர் எடுத்த மாடல் லா, அண்ணே. நெட்டெல்லாம் நாறிப் போச்சு. இதை எடுத்துக்குங்க. இதைப் பத்தி இதுவரைக்கும் ஒரு கம்ப்ளேன் வந்ததில்ல."

அவன் நீட்டிய பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை. ரிவிஷன் எண் இல்லை. எந்த ஊரில் செய்தது என்பதும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியாத பொருளுக்குக் கம்ப்ளேன் எங்கிருந்து வரும்?

அந்தத் தம்பியோடு எனக்குச் சண்டையில்லை. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க எல்லாரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். பிள்ளையின் ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்கு ஆர்டுயினோ வாங்க அலையும் அப்பாக்கள் இதையே சொல்கிறார்கள். பள்ளியில் ரோபோட்டிக் மன்றம் நடத்தும் ஆசிரியர்களும், ஏர்கோன் பழுதுபார்க்கும் என் சிநேகிதர்களும் இதையே சொல்கிறார்கள். பழுது வெளியே தெரிந்த போர்டு மட்டம். பழுதே கேள்விப்படாத போர்டு உசத்தி. இந்த நம்பிக்கைக்குக் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் உண்டு. 'ஒரிஜினல் வாங்கினால் தொல்லையே கிடையாது' என்பவர் ஒருவர். தொல்லை வந்துவிட்டால், 'அடாப்டர் சரியில்லை' என்று வந்து நிற்பவர் அடுத்தவர். அடாப்டரை மாற்றியும் தீராவிட்டால் கடைக்குட்டி வருவார்: 'அப்டேட் போட்டால் சரியாகிவிடும்.'

இந்த நால்வரையும் எனக்கு நீண்ட நாள் பழக்கம். நால்வருமாகச் சேர்ந்து என் பையில் இருந்த ரிங்கிட்டை நிறையவே தின்றிருக்கிறார்கள். அந்த உரிமையில் சொல்கிறேன்: நால்வர் பேச்சும் தப்பு.

பழுதில்லாத போர்டு என்று ஒன்று கிடையாது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை நகத்தளவு இடத்தில் அடுக்கி, அதன் மேல் ஆயிரக்கணக்கான வரி ஃபர்ம்வேரை ஏற்றி, சுற்றிலும் நூறு சின்னச் சின்ன உறுப்புகளை ஈயம் வைத்து ஒட்டியபின் அதில் பழுது இருக்காது என்று நம்புகிறவர், கல்யாண வீட்டில் சண்டையே வராது என்று நம்புகிறவர். அந்தப் பழுது யாருக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். எழுதி வெளியிட்ட பழுதோடு குடித்தனம் நடத்திவிடலாம். எழுதாத பழுது தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து கழுத்தை அறுக்கும். ஒப்புக்கொண்டவனை மட்டம் என்று ஒதுக்கி, வாய் திறக்காதவனை உசத்தி என்று வாங்குகிற நம் பழக்கம் இருக்கிறதே, அதுதான் மற்றவர்களுக்கும் வாய் மூடப் பழக்கிக் கொடுக்கிறது.

பழைய தமிழ்ப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முன்னாலோ பின்னாலோ ஒரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டி 'இது பிழையான புத்தகம், வேறு கொடு' என்று யாரும் கடைக்காரரிடம் சொன்னதில்லை. பட்டியல் போட்ட பதிப்பாசிரியர் கண் விழித்துப் பார்த்திருக்கிறார் என்றுதான் நினைப்போம். சிப் செய்கிறவர்களும் இதே பட்டியலைத்தான் வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் எண் கொடுத்து, அது எப்போது தலைகாட்டும், ஏன் வருகிறது, எப்படிச் சமாளிக்கலாம், எந்த ரிவிஷனில் தீர்ந்தது என்று எழுதியிருப்பார்கள். புத்தகக் கடையில் மரியாதை வாங்கிக் கொடுத்த அதே பக்கம், ஜாலான் பாசாருக்கு வந்ததும் அவப்பெயர் ஆகிவிடுகிறது.

கொஞ்சம் சிரிக்கவும் ஒரு பழுது சொல்கிறேன். ராஸ்பெரி பை 2 என்ற சிறு கணினிப் போர்டு விற்பனைக்கு வந்தது 2015 பிப்ரவரியில். வந்த சில நாட்களிலேயே ஒருவர் அதை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். போர்டு பட்டென்று அணைந்து மறுபடி எழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. நம் ஊர்ப் பாட்டியாக இருந்தால் விளக்கம் கேட்கவே மாட்டார். கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் எடுத்து வந்திருப்பார். பாட்டி பாதி சரி. யு16 என்று குறியிட்ட மின்வழங்கு சிப் ஒன்று, கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைக்கப்படாமல் கிட்டத்தட்ட வெறும் சிலிக்கனாகவே போர்டில் உட்கார்ந்திருந்தது. செனான் ஃபிளாஷின் கடுமையான ஒளி பட்டதும் சிலிக்கனுக்குள் எலெக்ட்ரான்கள் கிளம்பி மின்னழுத்தத்தைக் குழப்பிவிட்டன. சாதாரணக் கைப்பேசியின் எல்இடி வெளிச்சத்துக்கு அது அசையவில்லை. செய்தவர்கள் ஒளிக்கவில்லை, ஒரு வாரத்துக்குள் காரணத்தையும் பரிகாரத்தையும் எழுதி வெளியிட்டார்கள். பரிகாரம் என்ன தெரியுமா? அந்தச் சிப்பின் தலையில் புளூ டாக் பசையை ஒரு துளி உருட்டி ஒட்டுவது. பிள்ளை கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டேதான். இந்தப் பழுதை வைத்து ராஸ்பெரி பை 2 மட்டம் என்று எவரேனும் சொன்னால், வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று யாருமே சோதித்துப் பார்க்காத போர்டை அவர் எந்த நம்பிக்கையில் வாங்குகிறார் என்று கேட்பேன்.

அடுத்தது இன்னும் ருசியானது. 'ஒரிஜினல் வாங்கு, விலை கூடினதை வாங்கு' என்று புத்தி சொல்கிறவர்களுக்காகவே நடந்த மாதிரி இருக்கும்.

ராஸ்பெரி பை 4 வந்தது 2019 ஜூன் 24. முதல் தடவையாக யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் வாங்கும்படி செய்திருந்தார்கள். யூஎஸ்பி-சி செருகியில் சிசி1, சிசி2 என்று இரண்டு சிறு கால்கள் உண்டு. மின்சாரம் வாங்குகிற கருவி அந்த இரண்டு கால்களிலும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் தடை ஒன்றைத் தரையோடு இணைத்திருக்க வேண்டும் என்பது விதி. பை 4-இல் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி ஒரே தடையைப் பகிர்ந்துகொள்ள விட்டுவிட்டார்கள். மிச்சம் பிடித்தது ஒரே ஒரு தடை. அதன் விலையைச் சென்னில் சொன்னால் கூட அதிகம்.

விளைவைப் பாருங்கள். சாதாரண மலிவுக் கேபிளைச் செருகினால் போர்டு பிரமாதமாக வேலை செய்யும். விலை கூடிய மடிக்கணினிக் கேபிளுக்குள் 'நான் இன்ன தரம்' என்று சார்ஜரிடம் சொல்லும் ஒரு சிப் இருக்கும். அந்தக் கேபிளைச் செருகினால், அதன் உள்தடையும் போர்டின் தடையும் ஒன்றாகக் கலந்து, சார்ஜரின் கண்ணுக்கு அது கணினியாகத் தெரியாது. பாட்டுக் கேட்கும் ஹெட்ஃபோன் அடாப்டராகத் தெரியும். ஹெட்ஃபோனுக்கு எதற்குக் கரண்ட் என்று சார்ஜர் சும்மா இருந்துவிடும். ஆக, ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய மடிக்கணினியின் உசத்திச் சார்ஜர் போர்டை எழுப்பாது. பசார் மாலம் இரவுச் சந்தையில் வாங்கிய கேபிள் எழுப்பிவிடும்.

இது எப்படி வெளியே வந்தது? நிறுவனம் போர்டின் மின்சுற்று வரைபடத்தை வெளியிட்டிருந்தது. வெளியில் இருந்த ஒரு பொறியாளர் அதைப் படித்து, தடை ஒன்று குறைகிறதே என்று கண்டுபிடித்து எழுதினார். ஜூலையிலேயே ராஸ்பெரி பையின் தலைவர் எபன் அப்டன் தப்பை ஒப்புக்கொண்டு, அடுத்த ரிவிஷனில் திருத்துவதாகச் சொன்னார். 1.2 என்ற ரிவிஷனில் அது தீர்ந்தும் விட்டது. வரைபடத்தைப் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேபிளைக் குறை சொல்லியிருப்போம், சார்ஜரைக் குறை சொல்லியிருப்போம், கடைசியில் வீட்டுப் பிள்ளையைக் குறை சொல்லியிருப்போம். 'நெட்டெல்லாம் நாறிப் போச்சு' என்று அந்தத் தம்பி சொன்னது இந்த மாதிரி நாற்றத்தைத்தான். ஜன்னல் திறந்த வீட்டிலிருந்துதான் சமையல் வாசனையும் தெருவுக்கு வரும்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ரிவிஷன் 1.2 வந்ததால் 1.1 அலமாரியை விட்டு இறங்கிவிடாது. இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். இயக்கிப் பார்த்தால் போர்டே தன் குறியீட்டைச் சொல்லும். நான்கு கிகாபைட் மாடலில் சி03111 என்று வந்தால் பழையது, சி03112 என்று வந்தால் திருத்தியது. காசு கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், திரையும் விசைப்பலகையும் மாட்டிய பிறகு தெரிந்து என்ன புண்ணியம்? பழுது தெரியும், திருத்தம் தெரியும். கையில் இருப்பது எது என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரியாது. ராஸ்பெரி பை நிறுவனம் கேம்பிரிட்ஜில் எழுதி வைத்த உண்மை ஜாலான் பாசாரின் மேசை வரைக்கும் வந்து சேரவில்லை. கடைசி இரண்டடியில் அது செத்துவிடுகிறது.

'ஒரிஜினல்' என்ற மந்திரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. யூஎஸ்பி-யைச் சாதாரணத் தொடர்நிலைச் செய்தியாக மாற்றும் சிப்புகளுக்குப் பேர்போனது எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனம். அதன் சிப்பைப் போலியாகச் செய்து சீனாவிலிருந்து வந்த மலிவு ஆர்டுயினோ நேனோக்களில் வைத்திருந்தார்கள். 2014-இல் அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாகவே கணினிகளுக்குள் இறங்கியது. போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும். மறுநாள் அந்தப் போர்டை எந்தக் கணினியும் அடையாளம் காணாது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனம் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. 2016-இல் வந்த இன்னொன்று சாகடிக்காமல், 'இது அசல் சாதனம் அல்ல' என்ற வாசகத்தைத் தரவோடு சேர்த்து அனுப்பத் தொடங்கியது. போலி செய்தவன் செய்தது திருட்டு; அதில் பேச்சில்லை. அடி விழுந்தது யார் முதுகில்? சிப்பின் மேல் எழுதியிருந்ததை நம்பி வாங்கியவர் முதுகில். போர்டைப் பிடித்து, ஒரிஜினல் பேர் அச்சடித்திருக்கிறது என்று காட்டுவதில் அர்த்தமில்லை. போலியின் மேல் அந்தப் பேர்தான் அச்சடித்திருந்தது. அதே விலைக்கு வரும் வேறு போர்டுகளில் சிஹெச்340 என்ற மலிவு சீனச் சிப் தன் சொந்தப் பேரிலேயே வரும். அதற்குத் தனி டிரைவர் ஏற்ற வேண்டும் என்பது ஊரறிந்த தொல்லை. அறிந்த தொல்லை என்பதால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் அதுவே யோக்கியமான போர்டு.

அப்டேட்டை மருந்து என்று நினைப்பவர்களுக்கும் இந்தக் கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது: ஓர் அப்டேட்தான் ஓடிக்கொண்டிருந்த போர்டைக் கொன்றது. மறுபாதி சிலிக்கனில் இருக்கிறது. ராஸ்பெரி பை நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஆர்பி2350 என்ற சிப்பை வெளியிட்டது. பஸ் பைரட் என்ற சோதனைக் கருவியைச் செய்கிறவர்கள் அதில் ஒரு விசித்திரம் கண்டார்கள். சிப்பின் ஒரு காலை உள்ளீடாக வைத்து, உள்ளுக்குள்ளேயே இருக்கும் இறக்கு தடையை நம்பி விட்டால், பொத்தானை அழுத்தி விட்ட பிறகும் அந்தக் கால் பூஜ்யத்துக்கு இறங்காமல் ஏறத்தாழ 2.2 வோல்ட்டில் தொங்கிக்கொண்டு நிற்கும். கையை எடுத்த பின்னும் அழைப்பு மணி அடிப்பதாகவே கணினி நினைத்துக்கொண்டிருக்கும். நிறுவனம் இதற்கு ஈ9 என்று எண் கொடுத்துத் தன் விவரக் கையேட்டிலேயே ஏற்றியது. வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைந்த தடை ஒன்றைப் போடு என்று வழியும் சொன்னது. படிக்கிற நொடியில் மட்டும் உள்ளீட்டைத் திறந்து உடனே மூடிவிடும் மென்பொருள் சுற்றுவழியும் உண்டு. ஆனால் ஓட்டை சிலிக்கனில் இருக்கிறது. எந்த அப்டேட்டும் அதை அடைக்காது. அடைத்தது 2025 ஜூலையில் வந்த ஏ4 என்ற புதிய வார்ப்பு. இடையில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் செய்த சிப்புகள் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? போர்டுகளாகி, பொட்டலங்களாகி, நம் மேசைகளில்தான் கிடக்கும்.

அப்டேட்டே வீண் என்று நான் சொல்லவில்லை. பை 4 சூடாகிறது என்று முதலில் எழுந்த கூக்குரலில் ஒரு பங்கு, யூஎஸ்பி-யைக் கவனிக்கும் விஎல்805 சிப்பின் ஃபர்ம்வேரைத் திருத்தியதும் அடங்கியது. எந்தப் பழுது எழுத்தில் இருக்கிறது, எது உலோகத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதற்கும் பட்டியல்தான் வேண்டியிருக்கிறது. பட்டியல் இல்லாமல் அப்டேட் போடுவது, காய்ச்சல் இன்னதென்று தெரியாமல் மாத்திரை விழுங்குவது.

இனி அடாப்டர். இதில் என் தப்பும் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலை கட்டி விற்கும் அக்கா ஒருவருக்கு, பூ வைக்கும் சில்லரின் வெப்பத்தைக் கவனித்துக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று செய்து கொடுத்திருந்தேன். உள்ளே ஒரு சிறு போர்டு, ஒரு வெப்ப உணரி, அவ்வளவுதான். உலகத்தில் இடி அதிகம் விழுகிற இடங்களில் இந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிலும் தீபாவளியை ஒட்டிய மாதங்களில் சாயங்காலமானால் வானம் பிளக்கும், கடையில் மின்சாரம் டிரிப் ஆகும். டிரிப்பைத் தூக்கிவிட்டால் விளக்கு வரும், சில்லர் வரும், என் பெட்டி மட்டும் சில நாள் வரும், சில நாள் வராது. ஒரு நாள் ராத்திரி வரவில்லை. சில்லர் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது. சொல்ல வேண்டிய பெட்டி தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் மல்லிகை பழுப்பேறிக் கிடந்ததை நான் நேரில் பார்த்தேன்.

வாங்கிய கடையில் அடாப்டர் என்றார்கள். மாற்றினேன். மறுபடி போனேன், ஒரிஜினல் அடாப்டர் போடுங்கள் என்றார்கள். போட்டேன். மூன்றாம் தடவை, வீட்டு வயரிங் சரியில்லையோ என்றார்கள். அதை நான் அப்படியே அக்காவிடம் போய், "உங்க கடை வயரிங் பழசுக்கா" என்று சொன்னேன். அவரும் பாவம், வயர்மேனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் போர்டைச் செய்தவர்களின் ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தேன். பழுதுப் பட்டியலில் ஒரு பத்தி: மின்னழுத்தம் மெதுவாக ஏறினால் சில போர்டுகள் எழாமல் போகலாம், ரீசெட் காலைச் சிறிது நேரம் பிடித்து வைத்துப் பிறகு விடும்படி ஒரு தடையும் ஒரு கெபாசிட்டரும் சேர்க்கவும். நான் போர்டை வாங்குவதற்கு முன்னாலேயே எழுதி வைத்த பத்தி. கெபாசிட்டரும் தடையுமாக ஒரு ரிங்கிட் கூட ஆகவில்லை. அன்றிலிருந்து எத்தனை டிரிப் வந்தாலும் பெட்டி எழுந்துகொள்கிறது.

அடாப்டர் மேல் பழி போடுவது முழுப் பொய் என்றால் எளிதாக மறுத்துவிடலாம். பெரும்பாலும் அது மெய்யாகவும் இருக்கிறது, அதுதான் சங்கடம். மெலிந்த கேபிளில் ஐந்து வோல்ட் இறங்கி 4.63-க்குக் கீழே போனால் ராஸ்பெரி பை திரையில் மின்னல் குறி காட்டும்; அந்தக் குறியைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் பல தடவை மெய்யாக இருக்கும் ஒரு பதில், யோசிக்காமல் சொல்லும் பதிலாகிவிடுகிறது. விற்றவரும் தப்பித்துக்கொள்கிறார், செய்தவரும் தப்பித்துக்கொள்கிறார். பழுது வாங்கினவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நோய் இருக்கிறது: படிக்காமல் பயப்படுவது. 2025 மார்ச்சில் இஎஸ்பி32 என்ற வைஃபை, புளூடூத் சிப்பில் 'புறவாசல்' கண்டுபிடித்துவிட்டார்கள், நூறு கோடிக் கருவிகளுக்கு ஆபத்து என்று செய்தி பறந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அதை முன்னனுப்பாதவர் இல்லை. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டது, ஆவணத்தில் சொல்லப்படாத 29 புளூடூத் கட்டளைகள். சிப்புக்குள் ஏற்கெனவே புகுந்தவர் பயன்படுத்தக்கூடிய சோதனைக் கட்டளைகள் அவை. தெருவில் போகிறவர் காற்று வழியாக உள்ளே வர முடியாது. அவர்களே பின்னர் 'புறவாசல்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'மறைந்திருந்த அம்சம்' என்று மாற்றினார்கள். மாற்றத்தை யாரும் முன்னனுப்பவில்லை.

அதே சிப்பின் ஆவணத்தில் பல வருஷமாக எழுதியிருக்கும் இரண்டு விஷயங்களை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? வைஃபை ஓடும்போது அதன் இரண்டாவது அனலாக் அளவீட்டுப் பகுதியை நம்ப முடியாது. செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் திட்டம் செய்யும் மாணவி, மண்ணின் ஈரத்தை அந்தக் காலில் அளந்து பார்த்து, சரியாக வருகிறது என்று மகிழ்ந்து, கண்காட்சியன்று வைஃபையைத் திறப்பாள். ஈரம் காணாமல் போகும். 12-ஆம் எண் காலோ இன்னும் பொல்லாதது: எழும் நொடியில் அதில் மின்னழுத்தம் இருந்தால், நினைவகச் சிப்புக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று போர்டு முடிவு செய்துவிடும்; பெரும்பாலான போர்டுகள் அத்தோடு எழாது. உணரியைக் கழற்றினால் எழும், மாட்டினால் படுக்கும். 'போர்டு போச்சு' என்று குப்பையில் போட்டவற்றில் எத்தனை இப்படி உயிரோடு போனவையோ. வதந்தியைப் படிக்க நேரம் இருக்கிற ஊரில் பட்டியலைப் படிக்க நேரம் இல்லை என்றால், சிப் செய்தவனை நொந்து என்ன பயன்?

நம் நாட்டுக்கே தெரிந்த பாடம் ஒன்று உண்டு. 1972 முதல் பினாங்கில் ஆலை நடத்திவரும் இன்டெல், 1994-இல் தன் பென்டியம் சிப்பில் வகுத்தல் பிழை இருப்பதை அறிந்தும் சத்தமில்லாமல் இருந்தது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி தற்செயலாகக் கண்டு வெளியே சொன்னார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும், சிப் 1.3337 என்றது. தேவை உண்டு என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்று இன்டெல் முதலில் சொல்லிப் பார்த்தது. ஊர் சிரித்தது. டிசம்பரில் எல்லாருக்கும் மாற்றித் தர இணங்கியது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். கணக்குப் பிழையைக் காட்டிலும் வாய் மூடியிருந்ததற்குத்தான் அந்த விலை என்பது என் எண்ணம். இதே இன்டெல் 2017 ஜனவரியில், ஆட்டம் சி2000 சிப்புகளில் கடிகாரத் துடிப்பு நின்றுபோய்க் கருவியே எழாமல் போகலாம் என்று ஏவிஆர்54 என்று எண் போட்டுத் தன் பட்டியலில் எழுதியது. அந்தச் செய்தி வெளியே வந்த சமயத்தில் சிஸ்கோ நிறுவனமும், தன் கருவிகள் சிலவற்றில் உள்ள கடிகார உறுப்பு சுமார் 18 மாதத்துக்குப் பிறகு செயலிழக்கத் தொடங்கலாம் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. யார் செய்த உறுப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அரைகுறை ஒப்புதல்தான். ஆனாலும் அதைப் படித்த பொறியாளர் 18 மாதம் ஆவதற்கு முன்பே கருவியை மாற்றிவிட முடிந்தது.

'பூக்கடை அக்கா எப்படி இங்கிலீஷில் நூறு பக்கம் படிப்பார்?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் படிக்க வேண்டியதில்லை. நான் படித்திருக்க வேண்டும், விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பயனீட்டாளருக்கு விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தை, யாரும் எழுதிக் கொடுக்காமலே விற்பனையோடு சேர்த்துவிடுகிறது. அதே பிரிவில் வியாபாரிகள் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பொருளில் உள்ள குறையை விற்பதற்கு முன்பே குறிப்பாகச் சொல்லிவிட்டால், பிறகு அந்தக் குறையைக் காட்டித் தரமில்லை என்று வழக்காட முடியாது. பழுதைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்று பயப்படுகிறவருக்குச் சட்டமே குடை பிடிக்கிறது. சொல்லாதவருக்கு அந்தக் குடை இல்லை. பிள்ளைக்கு வாங்கிய போர்டுக்காக ஓர் அப்பா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவாரா என்றால், 5 ரிங்கிட் கட்டணத்தில் வக்கீல் இல்லாமல் போகலாம். போக மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். நாற்பது ரிங்கிட்டுக்கு யார் அரை நாள் லீவு போடுவது?

ஆகவே பேச்சு மேசையிலேயே முடிய வேண்டும். அன்று அந்தத் தம்பியிடம் இரண்டு காரியம் கேட்டேன். பழுதுன்னு பேர் எடுத்த மாடலையே எடுத்து வரச் சொன்னேன். பொட்டலத்தைப் பிரித்து, போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னேன். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துப் படித்தான். பழைய ரிவிஷன்தான். அதன் பழுது என்ன, எதைப் போட்டால் தீரும் என்று இரண்டு நிமிஷம் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டான்.

"சரிண்ணே, இதையெல்லாம் எழுதி ஒட்டி வச்சா எவன் வாங்குவான்?"

"ரெண்டு கொடு" என்றேன். "ரசீதுல ரிவிஷன் நம்பரைப் போட்டுடு."

அவன் பேனாவைத் தேடினான்.